பதிப்புரிமையும் கண்டிச் சீமையும்: ஒரு வரலாற்று நோக்கு

கண்டியின் வரலாற்றை எழுதப் புகுவோர் தலதா மாளிகையையும், 1815 ஆம் ஆண்டு உடன்படிக்கையையும், கோப்பியையும் தேயிலையையும் பற்றியே பெரிதும் பேசுவர். ஒரு நூலையோ பாடலையோ படியெடுக்கும் உரிமை யாருக்குரியது என்ற வினா இந்நகரோடு தொடர்புடையதாக எவருக்கும் தோன்றுவதில்லை. அது மேலைநாட்டு வழக்கறிஞர்கள் தமக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய விடயம் என்ற எண்ணமே நம்மிடையே நிலவி வருகின்றது. இணையவழி ஊடகம் ஒரு பெருவணிகமாக வளர்ந்து, பாட்டும் படமும் நூலும் மின்குறிகளாக மாறி, அவற்றுக்குப் பூட்டும் திறவுகோலும் செய்யப்படும் இக்காலத்தில் அவ்வெண்ணம் பொருந்தாது. அன்றியும், பதிப்புரிமையின் நீண்ட வரலாற்றிலே பல கட்டங்கள் கண்டியையும் அதன் சூழலையும் தொட்டுச் சென்றுள்ளன. அத்தொடர்பைச் சற்று விரித்து நோக்குவதும், படியெடுத்தலினால் நாம் இழந்தது அதிகமா, படியெடாமையினால் இழந்தது அதிகமா என்று வினவுவதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1660 ஆம் ஆண்டு கொட்டியாரக் குடாவில் தங்கிய ஆங்கிலக் கப்பலொன்றைச் சேர்ந்தோர் சிலர் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் சிறைப்பிடிக்கப்பட்டனர். அவருள் ஒருவரான றொபேட் நொக்ஸ் என்னும் இளைஞர் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கண்டி இராச்சியத்தின் ஊர்களில் வாழ்ந்தார். தொப்பி பின்னி விற்றும், நெல்லை வட்டிக்குக் கொடுத்தும் காலங்கழித்தார். 1679 இல் தப்பி ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தார். தாம் கண்டவற்றையும் ஊரார் சொல்லக் கேட்டவற்றையும் தொகுத்து அவர் எழுதிய நூல் 1681 இல் இலண்டனில் வெளியாயிற்று. கண்டி மக்களின் உழவு, உணவு, வழிபாடு, திருமணம், நீதிமுறை ஆகியவற்றை ஐரோப்பியர் அறிந்தது பெரும்பாலும் இந்நூலினாலேயே எனலாம். 1689 இல் சேர்மன் மொழியிலும், 1692 இல் ஒல்லாந்த மொழியிலும், 1693 இல் பிரெஞ்சு மொழியிலும் அது பெயர்க்கப்பட்டது. பிற நாட்டு மொழிபெயர்ப்பாளர் மூல ஆசிரியரிடம் அனுமதி கோரவேண்டும் என்ற நியதி அக்காலத்தில் இல்லை. இங்கிலாந்தினுள்ளேகூட நூலின் உரிமை ஆசிரியருக்கன்றி, தம் குழுவின் பதிவேட்டில் அதனைப் பதிந்துகொண்ட நூல்வணிகருக்கே உரியதாயிருந்தது.

இனி வருவது சுவையானது. ‘றொபின்சன் குரூசோ’வை எழுதிய டானியல் டீபோ 1720 இல் ‘கப்டன் சிங்கிள்ரன்’ என்ற புனைகதையை வெளியிட்டார். அதனிடையே நொக்ஸின் கண்டி வாழ்க்கை சுருக்கி அப்படியே சேர்க்கப்பட்டுள்ளது. நொக்ஸ் காலமானதும் அதே ஆண்டிலேயே. இந்த டீபோதான் தமது கவிதையைக் களவாக அச்சிட்டு வீதிகளில் மலிவு விலைக்கு விற்கின்றனர் என்று முன்னர் ஓயாது முறையிட்டவர்; எழுத்தாளனின் உழைப்புக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டுமென்று தமது பத்திரிகையில் வாதாடியவர். அவ்வாதங்களின் பின்னணியிலேயே 1710 இல் இங்கிலாந்தில் ஆன் அரசியாரின் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அச்சிடும் உரிமையைப் பதினான்கு ஆண்டுகளுக்கு ஆசிரியருக்கு அளித்து, அவர் உயிரோடிருப்பின் மேலும் பதினான்கு ஆண்டுகளுக்கு அதனை நீடித்த முதற் பெருஞ்சட்டம் அது. தமது உடைமைக்குக் காவல் வேண்டியவரே பிறரது உடைமையை எளிதாக எடுத்தாண்டார் என்பது மனித இயல்பைக் காட்டுகிறது, அதனை விட்டுவிடலாம். ஆனால் டீபோ நொக்ஸின் பெயரை மறைக்கவில்லை என்பது கருதத்தக்கது. மேலும், நொக்ஸுக்குத் தமது வழக்காறுகளைச் சொல்லிக்கொடுத்த கண்டிக் கிராமத்தவருக்கு அந்நூலில் எப்பங்கு உண்டு என்ற வினாவை டீபோவும் கேட்கவில்லை, நொக்ஸும் கேட்கவில்லை. இவ்வினா பின்னர் நம்மை மீண்டும் எதிர்ப்படும்.

நொக்ஸ் வாழ்ந்த கண்டியில் அச்சு இல்லை. தாளிப்பனையோலையில் எழுத்தாணியாற் கீறி, கரிமை பூசித் துடைத்து உருவாக்கப்படும் ஏடுகளே அங்கு நூல்களாயிருந்தன. விகாரைகளில் ஏடெழுதுவது புண்ணியச் செயல். படியெடுத்தவர் தமது பயனாகப் புத்தநிலையையோ நற்பிறப்பையோ வேண்டி ஏட்டின் இறுதியில் எழுதிவைத்தலும் உண்டு. படியெடுத்தல் திருட்டு என்ற கருத்தே அச்சூழலில் விளங்கியிராது. நூல் அருகிப்போதலே அங்கு அச்சத்துக்குரியதாயிருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கண்டி இராச்சியத்திற் பௌத்த சங்கத்தின் உபசம்பதா மரபே அற்றுப்போயிருந்தமையும், வெலிவிட்ட சரணங்கர தேரரின் முயற்சியினாலும் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கனின் ஆதரவினாலும் 1753 இல் சியாம் நாட்டிலிருந்து உபாலி தேரரும் பிறரும் வரவழைக்கப்பட்டமையும் யாவரும் அறிந்ததே. அத்தொடர்பினால் துறவியர் மட்டுமன்றி, இங்கு கிடைத்தற்கரியனவாய்விட்ட நூல்களும் வந்துசேர்ந்தன. ஒரு காலத்தில் இலங்கையிலிருந்து கடல் கடந்து சென்ற மரபு, அங்கு படிகள் எடுக்கப்பட்டமையாலேயே திரும்பி வரமுடிந்தது.

தமிழ் மரபும் இவ்வகையில் வேறுபட்டதன்று. ஏட்டுச் சுவடியைப் படியெடுப்பதற்கு எவரும் எவரிடமும் விலை கொடுத்து உரிமை பெற்றதில்லை. எனினும் பாயிரத்தில் ஆக்கியோன் பெயரும், அதனையடுத்து நூல் வந்த வழியும் கூறப்படவேண்டும் என்று நம் இலக்கணகாரர் விதித்தனர். முதனூல், வழிநூல், சார்புநூல் என்ற பாகுபாடும், பிறர் நூலினின்று எடுத்தமையை ஒளியாது கூறும் ஒழுக்கத்தை வேண்டி நிற்பதே. இன்றைய சட்டத்துறையார் ஆசிரியனின் ஒழுக்கவுரிமை எனக் கூறும் பெயர்பெறும் உரிமை நம்மவருக்குப் புதியதன்று என்றே கூறவேண்டும். விலைதான் புதியது.

அந்த விலை அச்சியந்திரத்தோடு வந்தது. கண்டியிற் பிறந்து கண்டியிலேயே வழக்கறிஞராக விளங்கிய மு. கா. சித்திலெப்பை 1882 இல் ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கினார். 1885 இல் அவரது ‘அசன்பே சரித்திரம்’ வெளிவந்தது. ஈழத்தின் முதற் தமிழ் நாவல் எனப் பலராலும் கொள்ளப்படும் நூல் அது. அதே 1885 ஆம் ஆண்டின் முதலாம் இலக்கக் கட்டளைச் சட்டமாகவே, இலங்கையில் அச்சிடப்படும் நூல்களின் படிகளைப் பேணுவதற்கும் அவற்றைப் பதிவு செய்வதற்குமான சட்டம் இயற்றப்பட்டது. இந்தியாவில் 1867 இல் இதுபோன்றதொரு சட்டம் ஏற்கெனவே இருந்தது. குடியேற்ற நாட்டு மக்கள் தம் மொழிகளில் எதனை அச்சிடுகின்றனர் என்று கண்காணிக்கும் விருப்பமும் இத்தகைய சட்டங்களின் பின்னால் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் பயன் வேறு வகையாக விளைந்தது. அரசுக்குக் கையளிக்கப்பட்ட படிகள் கொழும்பு நூதனசாலைக்கும் பிரித்தானிய நூதனசாலைக்கும் சென்றன. ஆசிரியரின் இல்லத்திலும் அச்சகத்திலும் அழிந்துபோன பல நூல்களை நம் ஆய்வாளர் பிற்காலத்தில் அங்கேயே தேடிக் கண்டனர். பேராதனைப் பல்கலைக்கழக நூலகமும் சட்டப்படி நூற்படிகளைப் பெறும் நிலையங்களுள் ஒன்றாயமைந்தது இம்மரபின் தொடர்ச்சியே. கண்காணிப்புக்காகப் பிறந்த சட்டம் காப்பகமாயிற்று!

பதிப்புரிமை பற்றிய சட்டம் இதனின் வேறானது. பிரித்தானியாவின் 1911 ஆம் ஆண்டுச் சட்டம் பேரரசின் பகுதிகளுக்கும் விரிக்கப்பட்டபொழுது இலங்கையும் அதன்கீழ் வந்தது. நாடு 1948 இல் சுதந்திரமடைந்தது; 1959 இல் பேர்ண் சாசனத்தில் இணைந்தது; பிரித்தானியாவே தனது பழைய சட்டத்தை 1956 இல் மாற்றிக்கொண்டது. இருந்தும் 1979 வரை நாம் அப்பழைய சட்டத்தோடேயே வாழ்ந்தோம். அதனைச் சோம்பல் எனப் பழிக்கலாம். ஆனால் அச்சட்டத்தில் ஒரு நல்ல வாயில் இருந்தது. ஆசிரியர் இறந்து ஐம்பது ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும்; எனினும் இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்தபின்னர், முறைப்படி அறிவித்தல் கொடுத்து, விற்பனை விலையில் நூற்றுக்குப் பத்து வீதத்தை உரிமைப்பணமாகச் செலுத்த முன்வரும் எவரும் அந்நூலை மறுபதிப்புச் செய்யலாம். உரிமையாளர் மறுத்து நிற்க முடியாது; பதிப்பிப்பவர் ஏமாற்றவும் முடியாது. ஐந்நூறோ ஆயிரமோ படிகள் அச்சாகி மறைந்துபோகும் ஈழத்துத் தமிழ் நூல்களுக்கு இதனைவிடப் பொருத்தமான ஏற்பாட்டை இன்றுகூட நினைப்பது கடினம். அவ்வாயிலை நம் பதிப்பாளர் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்பதே வருத்தத்துக்குரியது.

உரிமை ஒருவர் கையில் இறுகும்பொழுது நிகழ்வது யாதென்பதற்குத் தமிழ்நாட்டிற் பாரதியின் வரலாறு போதும். 1921 இல் வறுமையில் மறைந்த கவிஞரின் பாடல்களை இசைத்தட்டிலும் திரைப்படத்திலும் பயன்படுத்தும் உரிமை வணிகர் கைமாறி ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரிடம் சென்றது. 1948 இல் ‘பில்ஹணன்’ திரைப்படத்திற் பாரதியின் பாடலொன்று இடம்பெற்றமை பற்றிப் பிணக்கு எழுந்தது. எழுத்தாளரும் கலைஞரும் கிளர்ந்தனர். 1949 இல் சென்னை அரசு உரிமையைப் பெற்றுப் பின்னர் மக்களுக்குப் பொதுவாக்கியது. ஒரு கவிஞரின் எழுத்துக்களை அரசே பெற்று நாட்டுடைமையாக்குதல் என்ற கருத்து இங்கிருந்தே வளர்ந்தது.

பாரதி பெயருள்ள புலவர். அவருக்காகக் கிளர்ந்தெழ மக்கள் இருந்தனர். பெயரற்றோரின் பாட்டுக்கு என்ன நேர்ந்தது? இங்குதான் கண்டிச் சீமை நம் கவனத்துக்கு வருகின்றது. 1820 களில் கம்பளை, பேராதனைப் பகுதிகளிற் கோப்பித் தோட்டங்கள் தொடங்கிய காலமுதல் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் மலைநாடு முழுவதையுமே கண்டிச் சீமை என்று வழங்கினர். அவர்களது தாலாட்டிலும், கொழுந்தெடுக்கும் பாட்டிலும், ஒப்பாரியிலும், காமன் கூத்திலும் அப்பெயர் நிலைத்தது. எழுத்தறிவு மறுக்கப்பட்ட ஒரு சமூகத்தின் வரலாற்று ஆவணம் இப்பாடல்களே எனின் அது மிகையன்று. கங்காணியின் கொடுமையும், கடல் கடந்த துயரும், துரையின் அதிகாரமும் அரசாங்கக் குறிப்பேடுகளில் எவ்வாறு பதியப்பட்டனவோ தெரியாது. இப்பாடல்களிற் செம்மையாகப் பதிந்துள்ளன. அவற்றைக் கட்டியவர், பெரும்பாலும் பெண்கள், தம் பெயரை எங்கும் பொறித்ததில்லை.

இருபதாம் நூற்றாண்டிலே சிறு பாட்டுப் புத்தகங்கள் தோன்றின. கோ. நடேசய்யரோடு இணைந்து தொழிற்சங்கப் பணி புரிந்த அவர்தம் மனைவியார் மீனாட்சி அம்மாள் கூட்டங்களிற் பாடியவர்; இலங்கையில் இந்தியரின் நிலை பற்றிய அவரது பாடல்கள் 1940 இல் சிறு நூலாக வெளிவந்தன. அவரைத் தொடர்ந்து, தோட்ட லயங்களிலும் புகைவண்டியிலும் சந்தைகளிலும் பாடிப் பாடித் தம் பாட்டுப் புத்தகங்களைச் சில சதங்களுக்கு விற்ற சிட்டுக்கவிஞர் பலர். அவர்கள் கையாண்ட மெட்டுக்கள் பெரும்பாலும் அக்காலத் தமிழ்த் திரைப்படங்களின் மெட்டுக்களே. சட்ட நூலைத் திறந்து வைத்துக்கொண்டு நோக்கினால், இசையமைப்பாளரின் உரிமையை அவர்கள் மீறினர் என்றுதான் தீர்ப்பெழுத வேண்டும். ஆனால் எந்தப் படநிறுவனமும் கண்டிக்கு வழக்கறிஞரை அனுப்பவில்லை. பிரசாவுரிமைச் சட்டத்தையும் சம்பளப் போராட்டத்தையும் லயத்திலிருந்த மக்களுக்கு விளக்கிய பாடல்கள் அந்த இரவல் மெட்டுக்களிலேயே ஏறிச் சென்றன. சட்டம் கண்டுகொள்ளாமலிருந்ததே இங்கு நன்மையாயிற்று என்பது என் கருத்து. இன்றாயின் அத்தகைய பாட்டொன்று இணையத்தில் ஏறிய சில நிமிடங்களுக்குள் இயந்திரமே அதனை அடையாளங்கண்டு அடக்கிவிடும்.

தோட்டத்து வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தவர்களுள் ஸி. வி. வேலுப்பிள்ளை முதன்மையானவர். 1914 இல் மடக்கும்புரைத் தோட்டத்திற் பிறந்து, 1947 இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகி, ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதிய அவர், தாம் திரட்டிய பாடல்களை ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்ற நூலாகத் தந்தார். 1984 இல் அவர் காலமானார். இன்று நடைமுறையிலுள்ள சட்டத்தின்படி தொகுப்பாசிரியரின் தெரிவும் ஒழுங்கமைப்பும் பாதுகாக்கப்படும். ஆகவே அத்தொகுப்பின் உரிமை 2054 வரை நீடிக்கும். அதனுள்ளிருக்கும் பாடல்களைக் கட்டிய பெண்ணுக்கோ அவளது பேத்திக்கோ அவ்வாறான உரிமை ஏதும் இல்லை. இதனை வேலுப்பிள்ளையின் குறையாகக் கூறவில்லை. அவர் திரட்டாவிடின் பாடல்களே எஞ்சியிரா. எழுதியவனையும் பதித்தவனையும் காணத் தெரிந்த சட்டத்துக்குப் பாடியவளைக் காணும் கண் இல்லை என்பதே இங்கு சுட்டத்தக்கது.

சட்டம் அதனை முற்றாக மறந்துவிட்டது என்றும் கூறமுடியாது. 1979 ஆம் ஆண்டின் 52 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டக்கோவை பழைய ஆங்கிலச் சட்டத்தை அகற்றியது. அதனிடத்தில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் வந்தது. ஆசிரியரின் வாழ்நாளோடு எழுபது ஆண்டுகள் என உரிமைக் காலத்தை நீட்டிய இச்சட்டம் நாட்டார் வழக்காற்று வெளிப்பாடுகளுக்கும் இடமளித்தது. நாட்டார் பாடல், கதை, ஆடல், நாடகம் ஆகியவற்றை வணிக நோக்கில் மரபுச் சூழலுக்கு வெளியே பயன்படுத்துவோர் அதிகாரியொருவரின் அனுமதியைப் பெறவேண்டும். அச்சில் வெளியிடுவோர் அவ்வழக்காறு எச்சமூகத்திலிருந்து அல்லது எவ்விடத்திலிருந்து பெறப்பட்டது என்பதைக் குறிப்பிடவேண்டும். பாயிரத்தில் வழி கூறுதலை வேண்டிய நம் பழைய இலக்கணம் சட்டவாசகமாக மீண்டு வந்திருக்கின்றது என்று மகிழலாம். ஆனால் அனுமதி வழங்கும் அதிகாரம் யாரிடம்? அமைச்சர் தீர்மானிக்கும் அதிகாரியிடம். சேரும் பணம் எதற்கு? பண்பாட்டு வளர்ச்சிக்கு. புசல்லாவையிலோ இறாகலையிலோ அப்பாட்டை இன்றும் பாடிக்கொண்டிருப்போருக்கு அனுமதி வழங்குவதிலும் பங்கில்லை, பணத்திலும் உறுதியான பங்கில்லை. பிரசாவுரிமையே நெடுங்காலம் மறுக்கப்பட்ட ஒரு மக்கட் கூட்டத்தின் பாட்டுக்கு அரசு தானே பாதுகாவலனாக நிற்பது வரலாற்றின் விநோதங்களுள் ஒன்று.

அதே 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வேறொன்றையும் செய்தது. படியெடுத்தலைத் தடுக்கும் பொருட்டு அமைக்கப்பட்ட தொழினுட்பத் தடைகளை உடைப்பதற்கென்றே உருவாக்கிய கருவிகளை விற்பனைக்காகச் செய்வதையும் இறக்குமதி செய்வதையும் உரிமைமீறலுக்கு ஒப்பான குற்றமாக்கியது. அதாவது, நூலுக்கு மட்டுமன்றி நூலின் பூட்டுக்கும் காவல் ஏற்பட்டது. இப்பூட்டின் இயல்பைச் சற்று விளக்குதல் நன்று. எண்ணிம வடிவிலுள்ள நூலோ பாடலோ மறைகுறியாக மாற்றப்பட்டு வழங்கப்படும். அதனைத் திறக்கும் குறி வாங்குபவரின் கருவியிலோ விற்பவரின் கணினியிலோ இருக்கும். எவர், எத்தனை கருவிகளில், எவ்வளவு காலம் படிக்கலாம் என்பதனை விற்பவரே விதிப்பார். சட்டமோ ஆய்வுக்கும் கற்பித்தலுக்கும் திறனாய்வுக்குமாக நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கின்றது. நூலகத்தில் ஒரு படி தொலைந்தாலோ அழிந்தாலோ அதற்கீடாக மறுபடி எடுத்து வைக்கவும் இடமளிக்கின்றது. பூட்டுக்கு இந்த வேறுபாடெல்லாம் தெரியாது. மாணவனையும் களவாணியையும் அது ஒன்றாகவே வெளியில் நிறுத்தும். எழுபது ஆண்டுகள் முடிந்த மறுநாள் தானாகத் திறந்துகொள்ளும் பூட்டையும் எவரும் இதுவரை விற்பனைக்கு வைத்ததாகத் தெரியவில்லை.

2009 யூலையில் அமேசன் நிறுவனம், தனது வாசிப்புக் கருவியில் நூல் வாங்கிய அமெரிக்க வாசகர்களின் கருவிகளிலிருந்து இரு நூல்களைத் தொலைவிலிருந்தே அழித்தது. உரிமையற்ற ஒருவர் அவற்றை விற்பனைக்கு ஏற்றியிருந்தார் என்பது காரணம். பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. பின்னர் நிறுவனத் தலைவர் வருத்தமும் தெரிவித்தார். அழிக்கப்பட்டவற்றுள் ஒன்று ஜோர்ஜ் ஓர்வெல்லின் ‘1984’. ஆவணங்களை அரசு நாளும் அழித்துத் திருத்துவதைப் பற்றிய நாவல் அது! கண்டி விகாரையின் ஏட்டை எவரும் சியாமிலிருந்துகொண்டு அழித்திருக்க முடியாது என்பதை இங்கு நினைவூட்டத் தோன்றுகின்றது.

இணையவழிக் காணொளி வணிகத்தில் நிலைமை இன்னும் சிக்கலானது. யூரியூப் நிறுவனம் 2007 முதல் ஒலி, ஒளிப் பதிவுகளின் அடையாளக் கூறுகளைத் தொகுத்து வைத்து, புதிதாக ஏற்றப்படும் ஒவ்வொன்றையும் அவற்றோடு ஒப்பிடும் முறையொன்றைக் கையாள்கின்றது. பொருந்துமாயின் காணொளி தடைப்படும், அல்லது விளம்பர வருவாய் உரிமை கோரியவருக்குச் செல்லும். பெருந்தொகையான பதிவுகளுக்கு உரிமையாளராயிருக்கும் நிறுவனங்களுக்கே இவ்வசதி பெரும்பாலும் கிட்டுகின்றது. இப்பொழுது ஒரு நிலையை எண்ணிப் பாருங்கள். மலையகத்து நாட்டார் பாடலொன்றை யாரோ ஒருவர் இசைக்கருவிகளோடு பதிந்து, விநியோக நிறுவனமொன்றின் மூலம் தமது ஒலிப்பதிவாகப் பதிவு செய்துகொள்கிறார். சில காலத்தின் பின் அதே தோட்டத்து இளைஞர் தம் காமன் கூத்தினைக் கைத்தொலைபேசியிற் பதிந்து ஏற்றுகின்றனர். மெட்டும் சொல்லும் ஒத்திருப்பின் இயந்திரம் எவரைக் களவு செய்தவராகக் கொள்ளும்? முன்னர்ப் பதிந்தவரே அதற்கு உடைமையாளர். ஒலிப்பதிவின் உரிமை வேறு, பாட்டின் உரிமை வேறு என்று நீதிமன்றில் வாதிடலாம். ஆனால் இயந்திரத்தின்முன் வாதிட அந்த இளைஞருக்கு மொழியும் இல்லை, பொழுதும் இல்லை. 1681 இல் நூல்வணிகர் குழுவின் பதிவேடு செய்த வேலையை இன்று கணினியின் பதிவேடு செய்கின்றது.

இவ்வளவும் கூறுவதால், இணையத்தில் எதனையும் எவரும் எடுத்துப் போடலாம் என்று நான் வாதிடுவதாகக் கொள்ளலாகாது. ஒலிநாடாக் காலத்தில் நகரங்கள்தோறும் இருந்த ‘றெக்கோடிங் பார்’ எனப்பட்ட ஒலிப்பதிவு நிலையங்களிற் பாடற் பட்டியலைக் கொடுத்துவிட்டு மறுநாள் நாடாவைப் பெற்று வந்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். அந்நாடாக்களின் விலையில் ஒரு சதமேனும் பாடியவரைச் சென்றடைந்திராது. பல்கலைக்கழக வாயிலருகே போட்டோப்பிரதி எடுத்துக் கட்டிய நூல்களைக்கொண்டே நம்மிற் பலர் பட்டம் பெற்றோம். கிடைக்காத நூலைப் படியெடுத்தமைக்கு நான் நாணவில்லை. கடையிற் கிடைத்த நூலையும் மலிவு கருதிப் படியெடுத்தமைக்கு நாணுகின்றேன். அந்நூலாசிரியருள் ஒருவர் தம் நூலின் கட்டுக்களை வீட்டு மூலையில் அடுக்கி வைத்திருந்ததைப் பின்னர் நேரிற் கண்டேன்.

பூட்டாமலும் களவாடாமலும் வாழ வழியுண்டு என்பதற்கு எடுத்துக்காட்டுக்கள் நம் அருகிலேயே உள்ளன. சேர்மனியிற் பிறந்து துறவியாகி உடவத்தைக் காட்டில் வாழ்ந்த ஞானபொனிக தேரர் முதலியோர் 1958 இல் கண்டியில் நிறுவிய பௌத்த வெளியீட்டுச் சங்கம் சிறுநூல்களை உலகெங்கும் அனுப்பி வந்தது. 1990 களில் அமெரிக்காவில் தொடங்கப்பெற்ற இணையத்தளமொன்று அவற்றுட் பலவற்றைச் சங்கத்தின் இசைவோடு மின்வடிவாக்கியது. விலை பெறலாகாது, மூலத்தைச் சுட்டவேண்டும் என்பவையே முக்கிய நிபந்தனைகள். சங்கம் பின்னர்த் தானும் தன் வெளியீடுகள் பலவற்றை இணையத்தில் இலவசமாக வைத்தது. தன் அச்சு நூல்களைத் தொடர்ந்து விற்றும் வருகின்றது. ஏடெழுதுதலைப் புண்ணியமாகக் கொண்ட மலைநாட்டு மரபு மின்வடிவிலும் தொடர்வதாக இதனைக் கொள்ளலாம்.

தமிழில் 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை மின்வடிவாக்கியது. 2005 இல் ஈழத்தவர் முயற்சியாகத் தோன்றிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்கள், இதழ்கள், மலர்கள் ஆகியவற்றைப் படமெடுத்து எவரும் படிக்க வைத்தது. மலையக வெளியீடுகளும் அதனுள் அடங்கும். 1981 யூன் முதலாந் திகதி யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. 1977, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களிலே மலையகத்தும் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அவற்றுள் இருந்த ஏடுகளுக்குக் கணக்கே இல்லை. இந்நிலையில் வாழும் எழுத்தாளரிடம் இசைவு கேட்டும், மறைந்தோரின் உறவினரைத் தேடியும் ஒரு சமூகம் தன் நூல்களைப் படியெடுத்து வைப்பதைச் சட்டத்தின் எழுத்தைக்கொண்டு மட்டும் அளத்தல் நீதியாகாது. சித்திலெப்பை 1898 இல் மறைந்தவராதலால் அவரது நூலைப் பற்றி இன்று தடையில்லை. 1950 களிலும் 60 களிலும் எழுதி மறைந்தோரின் நூல்களே இடர்ப்பாட்டுக்குரியன. அவற்றுட் பல இன்னும் உரிமைக்குட்பட்டவை. மறுபதிப்பிடும் வணிகர் இல்லை. உரிமையாளர் எங்கிருக்கின்றனர் என்பதும் பலவேளை தெரியாது. 1911 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பத்து வீத வாயில் இன்றிருந்திருப்பின், உரிமைப்பணத்தை ஒரு பொதுக் கணக்கில் இட்டுவிட்டுப் பதிப்பித்திருக்கலாம். ஓர் அயலாட்சியின் சட்டத்திற்கு இரங்குவது சிலருக்கு உவப்பாயிராது. ஆயினும் புதிய சட்டமொன்றை வரைவோர் அந்த ஏற்பாட்டை எடுத்து நோக்கவேண்டும் என்றே கூறுவேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் புசல்லாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் முதியவர் ஒருவர் எனக்கொரு பாட்டுப் புத்தகத்தைக் காட்டினார். பதினாறு பக்கம், மங்கிய தாள், மேலட்டை கிழிந்துபோயிற்று. ஒவ்வொரு பாட்டின் தலையிலும் எந்தத் திரைப்பாடலின் மெட்டு என்பது தெளிவாக அச்சிடப்பட்டிருந்தது. இரவல் வாங்கிய இடத்தை மறைக்காத அந்தக் கவிஞரின் பெயர் மட்டும் அட்டையோடு போய்விட்டது. முதியவருக்கும் அது நினைவில்லை. புகைவண்டியில் வாங்கினேன், பாடியவர் ஒற்றைக் கால் ஊனமானவர் என்றார். பாடல்களுள் இரண்டை அவர் பார்க்காமலே பாடினார். அன்றே அப்பதினாறு பக்கங்களையும் கைத்தொலைபேசியாற் படமெடுத்துக்கொண்டேன். அவற்றை நூலகத்திற்குக் கொடுப்பதாயின், இசைவு தந்தவர் யார் என்று கேட்கும் இடத்தில் எப்பெயரை எழுதுவதென்று தெரியாமல் அப்படங்களை இன்னும் என்னிடமே வைத்திருக்கின்றேன்.